முப்பத்தொன்றாவது பாட்டு

முப்பது பாட்டு ஏற்றிய சிடியைக் கார் செட்டுக்குள் தள்ளிவிட்ட பிறகு, அது பச்சை எழுத்தில் முப்பத்தொன்று என்று காட்டினால் உங்களுக்கு என்ன தோன்றும்? வடிவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. செட்டுக்குக் கண் மங்கிப் போச்சு என்று நினைத்துக்கொண்டு மடியில் கிடந்த மகள் தர்ஷினியின் கவுனை இழுத்துவிட்டாள், அவ்வளவுதான். கார் சங்கரன்கோவில் பக்கத்து ஊரைவிட்டுக் கிளம்பி மெயின் ரோட்டில் ஏறியிருந்தது. வண்டி ஓட்டுகிறவன் அவள் புருஷன் ஆவுடையப்பன். அவன் பக்கத்தில், திருச்செந்தூரில் இறக்கப்போகிற முடியை இப்போதே தடவித் தடவி விடைகொடுத்துக்கொண்டிருந்தவர் அவள் மாமனார் பரமசிவம். பின் ஸீட்டில் அவளும், அந்தப் பக்கத்து ஜன்னலோரம் புளியோதரைத் தூக்குவாளியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மாமியார் உலகம்மாளும். முதல் பாட்டு அம்மன் பாட்டு. நாயனம் எடுத்ததுமே மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். ‘ஏல, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வாடகைக்கு ஓட்டுத காரா இது, சப்பரமாட்டுல்லா இருக்கு’ என்றார். ‘ஒங்க மருமவ அடிச்ச சிடி’ என்றான் அவன், காரைத் தானே செய்தவன் மாதிரி. வடிவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று மத்தியானம் முழுக்க அந்தோணி அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அங்கேதான் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு போய், போட்டோவில் பொண்ணு மாப்பிள்ளை கண்ணில் சிவப்பு எடுப்பதிலிருந்து கல்யாண சிடி ரைட் பண்ணுவது வரை எல்லாம் படித்துக்கொண்டாள். வேகமாக அடித்தால் பழைய செட்டு படிக்காது, திக்கும். வேகத்தைக் குறைத்து வைத்து, கம்ப்யூட்டரை வேறு எதற்கும் தொடாமல், உலையில் அரிசி போட்டவள் மாதிரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழுதி முடித்து வெளியே தள்ளும்போது சிடி லேசாகச் சுடும், குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளை மாதிரி. சேலை முந்தானையால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து பாட்டு ஓரிடத்தில் நின்று உளறும். இதெல்லாம் கை அறிந்த சங்கதி. பாட்டு வரிசைகூட அவள் போட்டதுதான்: அத்தைக்குச் சாமி பாட்டு, மாமாவுக்குப் பழைய படப் பாட்டு, புருஷனுக்குக் குத்துப் பாட்டு, கடைசியில் பிள்ளைக்கு ரயில் பாட்டு. இந்தச் செட்டு பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி, பெயர் வரிசைப்படிதான் கூப்பிடும், முதலில் எண், பிறகு எழுத்து. அதனால் ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் முன்னால் நம்பர் போட்டிருந்தாள். முப்பது நம்பர். அப்புறம் எப்படி முப்பத்தொன்று?

எண்ணம் அங்கே போய் ஒருமுறை இடறியது, எழுந்து நடந்தது, மறுபடியும் அங்கேயே வந்து இடறியது. தேவர்குளம் தாண்டிக் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தர்ஷினி ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினாள். ஒருவேளை ஒரே பாட்டு ரெண்டு தடவை விழுந்திருக்குமோ. விழுந்தால் விழட்டும், மாமா அதையும் ரசிப்பார். இல்லை, எண்ணித்தானே போட்டேன், அண்ணாச்சிகூடக் கேட்டாரே, ‘எல்லாம் ஏறிட்டா வடிவு?’ என்று. அதோடு இன்னொன்றும் கேட்டார். ‘இங்க இருக்கிற பொண்ணு கல்யாணம் ஆகிப் போறா. நீ திரும்ப வாரியா? காலையில வந்தா மூணு மணிக்குப் போயிரலாம்.’ அது நேற்று மட்டும் கேட்டதல்ல, பத்துப் பதினைந்து நாளாகக் கேட்கிறார். புருஷன் சரி என்றுவிட்டான். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் அத்தை, அத்தை சொல்ல வேண்டும். அத்தை என்ன சொன்னாள்? கையை மேலே காட்டி, பிறகு கிழக்கே காட்டினாள். முருகனைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அர்த்தம். கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் அத்தை பாதிப் பேச்சைக் கையால்தான் பேசுகிறாள். ஆக இன்றைக்குச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தால் பதில் கிடைக்கும். இன்றைக்கு அத்தையின் மனசு கோணக் கூடாது, அதற்காகத்தானே அவளுக்குப் பிடித்த பாட்டெல்லாம் தேடித் தேடி முதலில் போட்டது. அவளுக்குப் பிடித்த ஜன்னலோரம், அவளுக்குப் பிடித்த காரம் கூடின புளியோதரை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன், கடைசியில் ரயில் பாட்டு ஒன்றைத்தான் அவசரத்தில் — அங்கே வந்து எண்ணம் நின்றுவிட்டது. ரயில் பாட்டு. அது டிவியில் வந்தபோது போனைப் பக்கத்தில் பிடித்து அவளே பதிந்தது. மற்ற பாட்டெல்லாம் போனில் பாட்டு வைக்கிற இடத்தில் கிடக்க, அது மட்டும் குரல் பதிகிற இடத்தில் கிடந்தது. நேற்று அதை எடுக்கப் போனபோது தர்ஷினி மவுஸ் வயரைப் பிடித்து இழுத்தாள், ‘சனியனே, சும்மா இரி’ என்று ஒரு கையால் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அங்கே கிடந்ததை மொத்தமாக அள்ளிப் போட்டாள். மொத்தமாக. அங்கே கிடந்தது இரண்டு. ஒன்றுக்கு முப்பது என்று நம்பர் போட்டாள். இன்னொன்றுக்கு நம்பர் இல்லை, எழுத்தில்தான் தொடங்கும், எழுத்து எண்ணுக்கு அப்புறம். வடிவு முன்னால் குனிந்து செட்டின் பச்சை எழுத்தையே பார்த்தாள். ‘என்னளா முழிக்கே?’ என்றான் ஆவுடையப்பன் கண்ணாடி வழியே. ‘ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.’

அந்த இரண்டாவதில் இருந்தது அத்தையின் குரல். அத்தை பேசினதல்ல, அத்தை மாதிரி வடிவு பேசினது. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு இந்தக் கோட்டித்தனம் உண்டு. ஹெட்மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டி வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதுசில் அவளைப் பயமுறுத்தியது இந்த வீட்டின் குரல்தான். உலகம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டால் குளத்தங்கரை டீக்கடை வரை கேட்கும். அவள் கூப்பிடுவதோ புருஷனை, ஆனால் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதே, அதனால் மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்: ‘ஏலேய் ஆவுடையோவ்!’ மகன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பல்லுக் குத்திக்கொண்டிருப்பான். அவன் அசைய மாட்டான். டீக்கடை பெஞ்சில் இருக்கிற மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். ஊரில் யாருக்கும் இதில் குழப்பமே கிடையாது. வடிவு மட்டும் முதல் வாரம் ‘ஏங்க, அத்தை கூப்பிடுதாவ’ என்று புருஷனை எழுப்பி எழுப்பி ஏச்சு வாங்கினாள். போன வருஷம் அத்தைக்குக் கழுத்தில் கட்டி வந்தது. கட்டியை எடுத்தாயிற்று, கெட்டதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள், ஆனால் குரல் போய்விட்டது. நரம்பு அப்படி, வந்தாலும் வரலாம் என்றார்கள், வரவில்லை. இப்போது வாயைத் திறந்தால் காத்துதான் வருகிறது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கிற மாதிரி. மத்தியானம் சோறு பொங்கி இறக்கிவிட்டு வாசலில் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுகிறாள். மாமா வருவதில்லை. ‘எவன் வீட்டுலயோ பாத்திரம் தட்டுதான்னு நெனச்சேன்’ என்பார். போன் வாங்கிக் கொடுத்தார்கள், அதை அவர் உரப் பைக்குள் வைத்துவிட்டு உரத்தோடு பூட்டிவிட்டார். அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். குழம்பு ஆறி, அவளும் ஆறி, சாயங்காலம் போல ரெண்டு வாய் தின்பாள். இதெல்லாம் தெரிந்திருந்தும், பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து தங்கச்சி பாமா வந்தபோது, அத்தை அசந்து தூங்குகிற நேரம், பின்வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே — ஏன் செய்தேன்? அவள்தான் என் போனை எடுத்துப் பதிய வைத்துக்கொண்டு கேட்டாள். ‘எக்கா, உங்க அத்தை கூப்பிடுவாகல்லா, அதச் செய்யிக்கா.’ நான் மாட்டேன் என்றேன். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன், அதுகூட அதில் பதிந்திருக்கும். ஆனால் பிறகு செய்தேன். நன்றாகவே செய்தேன். செய்யும்போது சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் சங்கடம். அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து வந்தபோது வீடு பழைய வீடு மாதிரி ஆயிற்று. ஆனால் அதை யார் நம்புவார்கள்? கேட்கிறவளுக்குக் கேட்கப்போவது பாமா சிரித்த சிரிப்பு. விழுந்து விழுந்து சிரித்தாள் அந்த மூதி. ஊமையாகிப்போனவளை வைத்து மருமகளும் அவள் தங்கச்சியும் சிரித்தார்கள்; அதை ஸ்டுடியோவில் கொண்டுபோய் சிடி அடித்து, சாமி கும்பிடப் போகிற காரில் போட்டார்கள். இதற்கு மேல் எந்த மாமியார் மருமகள் பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, நீ வேலைக்குப் போம்மா என்பாள்?

சரி, பதறாதே. முப்பது பாட்டு ஓட வேண்டும் முதலில். திருச்செந்தூருக்கு ரெண்டரை மணி நேரம். பாட்டெல்லாம் ஓடி முடிவதற்குள் கோயில் வந்துவிடும், இறங்கும்போது முதல் ஆளாய் அந்தச் சிடியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்ளலாம். இப்படி அவள் ஒரு கணக்குக்கு வந்து மூச்சு விடும்போது மாமா சொன்னார்: ‘ஏல, இந்தப் பாட்டு இழுவையாத்தான் இருக்கு, தள்ளு.’ ஒன்று போயிற்று. பாளையங்கோட்டைக்குள் சிக்னலில் நின்றபோது இன்னொன்று. ‘இது கேட்ட பாட்டு.’ கேட்ட பாட்டுத்தானே மாமா போட முடியும், கேட்காத பாட்டுக்கு எங்கே போக. அத்தைகூட ஒன்றுக்கு விரலை ஆட்டினாள், வேண்டாம் என்று. இவர்கள் ஒவ்வொரு பாட்டாகத் தள்ளத் தள்ள, தன்னைத்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று இருந்தது வடிவுக்கு. ‘ஏங்க, பிள்ளை உறங்குது, கொஞ்சம் அமத்துங்களேன்.’ அவன் அமத்தினான். அமத்தின உடனே தர்ஷினி கண்ணை விழித்து ஓ என்று ஆரம்பித்தாள். பாட்டு நின்றால் எழுந்துவிடுகிற பிள்ளை, அப்படிப் பழக்கிவிட்டதும் அவள்தான். ‘போடு, போடு’ என்றார் மாமா. ‘ரேடியோ போடுங்களேன், நியூஸ் கேப்போம்.’ ஆவுடையப்பன் சிரித்தான். ‘நியூஸா? உனக்கா? வெள்ளரிக்காய் வெலையே நாந்தான் உனக்குச் சொல்லணும்.’ கொஞ்ச நேரம் பொறுத்து, ‘அந்தச் சிடிய எடுத்துட்டு வேற சிடி போடலாமா’ என்றாள். ‘முழுங்கினத இது கக்கவா செய்யும்? அதுக்கு அட்டைய விட்டு நெம்பணும், வண்டிய நிறுத்தணும். நீ போட்ட சிடி உனக்கே பிடிக்கலியா?’ அத்தை திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் காத்துக் குரலில், ‘நல்லாத்தான இருக்கு’ என்றாள். அதைக் கேட்டதும் வடிவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அவளுக்கு லேசில் வராது. ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுப் பாசனம், ஒவ்வொரு வாழையும் ஆள் உயரத்துக்கு மேலே. இவ்வளவு தண்ணி நம்ம ஊரில் இருந்தால் மாமா டீக்கடைக்கே போக மாட்டார். அந்தோணி அண்ணாச்சிக்கு என்ன சொல்ல? ‘அத்தைக்குச் சுகமில்ல அண்ணாச்சி’ என்று சொல்லலாம். வேலை போனால் போகட்டும். அதைவிட, நாளைக் காலையில் அத்தை காப்பி குடித்த தம்ளரை என் கையில் தராமல் திண்டில் வைத்துவிட்டுப் போவாளே, அதுதான். கோபம் வந்தால் அத்தை அப்படித்தான். முன்னால் கத்தித் தீர்ப்பாள், தீர்ந்துவிடும். இப்போது கத்த முடியாதே. கத்த முடியாதவளின் கோபம் எங்கே போகும்? உள்ளேயே இருந்து வேகும். முந்திச் சொல்லிவிட்டால் என்ன? யத்தே, ஒரு தப்பு நடந்துபோச்சு. சொல்லலாம். எங்கே வைத்துச் சொல்ல, மாமா முன்னாலேயா? கோயிலில் வைத்தா? சாமி கும்பிட்டு வெளியே வந்து கடலில் கால் நனைக்கும்போது? அதற்குள் பாட்டு முடியாமல் இருக்க வேண்டும். இப்போது செட்டில் பதினெட்டு. ஆழ்வார்திருநகரி தாண்டிவிட்டது. வந்துவிடலாம். வந்துவிடலாம்.

குரும்பூர் பக்கத்தில் ரயில் கேட் அடைத்துக் கிடந்தது. முன்னால் ஒரு பஸ், ரெண்டு வேன், மஞ்சள் சேலை கட்டிப் பாதயாத்திரை போகிற கூட்டம். ஆவுடையப்பன் இன்ஜினை அமத்தினான், பாட்டு மட்டும் ஓடியது. மாமா எப்போதோ உறங்கிப்போயிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. தர்ஷினி எழுந்து முன் ஸீட்டு இடைவெளியில் நின்றுகொண்டு, ‘என்னத்துக்குப்பா நிக்கோம்?’ என்றாள். ‘ரயில் வரப் போவுது.’ அவன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ‘ரயில் பாட்டு! ப்பா, ரயில் பாட்டு!’ ‘அது கடைசில இருக்கு தங்கம், வரும்’ என்று வடிவு அவளை இழுத்தாள். ‘இப்பமே!’ ‘வரும்ட்டி.’ ‘இப்பமே!’ அப்பன்காரன் மகள் கேட்டு எதை இல்லை என்றான்? பட்டனை அமுக்கினான், டக் டக் டக் டக் என்று பத்தொன்பது, இருபது, இருபத்தி நாலு, தான் தேடித் தேடி எடுத்த பாட்டெல்லாம் ஒவ்வொரு நொடி தலைகாட்டி அறுபட்டு ஓடுவதை வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள், முப்பதில் நின்றது. டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்ததால் பாட்டுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்டது. பிள்ளை குதித்தது. சின்னப் பாட்டு. ரெண்டு நிமிஷம்கூட வராது. பட்டனை எட்டி அமத்தலாம், ஸீட்டுக்கு மேலே ஏறித்தான் எட்ட வேண்டும், என்ன சாக்குச் சொல்லி? தலைவலி என்று சொல்லலாமா? போதும். சாக்கு யோசித்தே களைத்துப்போயிற்று. அவள் அத்தைப் பக்கம் திரும்பினாள். ‘யத்தே, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கிடாதீய. பொங்கலுக்குப் பாமா வந்திருந்தால்லா, அன்னைக்கு நாங்க’ என்று தொடங்கினாள். அப்போதுதான் ரயில் வந்தது. நிஜ ரயில். கார்க் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது, தர்ஷினி கீச்சிட்டாள், வடிவு சொன்னது எதுவும் அவள் காதுக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், முழுசையும், மொச்சை உரித்தது வரை. அத்தை காதருகே கை வைத்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். கடைசிப் பெட்டி போயிற்று. சத்தம் சட்டென்று வடிந்தது. ரயில் பாட்டும் முடிந்திருந்தது. செட்டில் முப்பத்தொன்று.

‘எக்கா, உங்க அத்தை கூப்பிடுவாகல்லா, அதச் செய்யிக்கா.’ ‘ச்சீ, பாவம்ட்டி, குரல் போயி அவிய படுத பாடு.’ ‘ஒரே ஒரு தடவ. எனக்கு அந்தச் சத்தமே மறந்துபோச்சுக்கா.’ கொஞ்ச நேரம் மொச்சைத் தொலி விழுகிற சத்தம். பிறகு அது வந்தது. ‘ஏலேய் ஆவுடையோவ்! சோறு ஆறுதுல! வாரியா, நாய்க்கு வைக்கவா?’ அது காருக்குள் வந்ததா, குளத்தங்கரையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது, அப்படி வந்தது. ஆவுடையப்பன் அசையவே இல்லை. அவன் என்றைக்கு அசைந்தான். முன் ஸீட்டில் வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்த மாமாதான், கண்ணைத் திறக்காமலே, ‘வாரேன், வாரேன், இந்தா வந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு தோளில் துண்டைத் தேடினார். துண்டு மடியில் கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டு, கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு வெளியே ரயில் கேட், பாதயாத்திரைக் கூட்டம். அவர் மெல்லத் திரும்பி, பின் ஸீட்டில் தன் பெண்டாட்டியின் வாயைப் பார்த்தார். செட்டுக்குள் பாமா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு முடியவே இல்லை. முடிந்தது. செட்டு திரும்ப முதல் பாட்டுக்குப் போய் நாயனம் எடுத்தது. அத்தை கையைக் காட்டினாள், ஆவுடையப்பன் அமத்தினான். தர்ஷினி மட்டும், ‘அம்மா, யாரு அது ஆச்சி மாதிரி?’ என்றாள்.

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கார் தண்டவாளத்தின் மேல் ஏறிக் குலுங்கி இறங்கியது. அத்தை கழுத்துத் தழும்பின் மேல் சேலையை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வடிவு அவளது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளியின் கைப்பிடியை அது ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அதற்கு வேறு வேலை தெரியாத மாதிரி செய்துகொண்டிருந்தது. திட்டட்டும். பேசாமல் மட்டும் இருக்கக் கூடாது. உப்புக் காற்று வர ஆரம்பித்துவிட்டது, எங்கேயோ கிட்டத்தில்தான் கடல். முன் ஸீட்டில் மாமா துண்டைத் தோளிலிருந்து எடுக்கவும் இல்லை, சாய்ந்து உட்காரவும் இல்லை. ‘யத்தே’ என்றாள் வடிவு. அத்தை திரும்பினாள். ‘சோறு ஆறுதுன்னு நான் என்னைக்குளா சொன்னேன்?’ அந்தக் காத்துக் குரலைக் கேட்க வடிவு குனிய வேண்டியிருந்தது. ‘குழம்பு ஆறுதுன்னுல்லா சொல்லுவேன். சோறு ஆறினா என்ன, ஆறாட்டா என்ன.’ ‘ஆமா யத்தே, குழம்புதான்’ என்றாள் வடிவு. ‘நாயும் கெடயாது. நாய்க்கு வைப்பேன்னு சொன்னது கெடயாது. பூனை.’ ‘பூனைதான் யத்தே.’ அத்தை கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அவளுக்கு இவ்வளவு பேசினாலே களைப்பு. ‘அந்தோணி என்னைக்கு வரச் சொன்னாரு?’ ‘ஆவணி பொறந்து.’ அத்தை முன் ஸீட்டில் நட்டுக்கொண்டு நின்ற அந்தத் தலையைப் பார்த்தாள், இன்னும் ஒரு மணி நேரத்தில் மொட்டையாகப் போகிற தலை. பிறகு வடிவின் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். ‘அதுக்குள்ள குழம்புன்னு மாத்திச் சொல்லி, ஒந்தங்கச்சி சிரிச்சத எடுத்துப்போட்டு, அத மட்டும் தனியா ஒரு சிடில அடிச்சு மத்தியானம் போட டிவிக்குக் கீழ சிடிப் பெட்டில வச்சுட்டு வேலைக்குப் போ. தாம்பாளத்துக்கு இந்த மனுசன் வர மாட்டேங்காரு.’